அரசு போனபின்னும் போகாத பெயர்கள்

(எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)



தமிழாசிரியன் ஒருவன் வானூல் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களுள் சிலர் வியக்கலாம். நான் பேச வந்தது விண்மீன்களைப் பற்றியன்று. அவற்றின் பெயர்களைப் பற்றி. பெயர் என்பது சொல். சொல் மண்ணில் கிடந்தாலும் விண்ணில் கிடந்தாலும் அதனை எடுத்துத் துடைத்து, எவர் வீட்டுப் பொருள் இது என்று பார்ப்பது தமிழாசிரியன் தொழில்தானே!

சென்ற தைத்திங்களில் ஓர் இரவு எங்கள் பள்ளி மாணவர் சிலரை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அறிவியலாசிரியர் ஒரு சிறு தொலைநோக்கியைக் கொண்டுவந்திருந்தார். கிழக்கே வேட்டுவன் ஓரியன் இடைக்கச்சில் மூன்று மீன் ஒளிர நின்றான். தலைக்குமேல் அறுமீன் கொத்து. மேற்கே அந்திரோமேதா. வடமேற்கே காசியோப்பியா. ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, இவையெல்லாம் கிரேக்கப் பெயர்கள் என்கிறீர்கள். கிரேக்கர் ஆட்சி மறைந்து ஈராயிரம் ஆண்டு ஆயிற்று என்று வரலாற்று வகுப்பில் படித்தோம். அரசு போனபின்னும் பெயர் மட்டும் ஏன் போகவில்லை?”

உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. “நாளைச் சொல்கிறேன் தம்பி” என்றேன். அந்த நாளை பல திங்கள் நீண்டுவிட்டது. அவன் இன்று மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றான். அவனுக்குத் தரவேண்டிய கடனை உங்கள் முன்னிலையில் தீர்க்கின்றேன்.

கோள்கள் பெயர்பெற்ற வரலாறு

முதலில் ஒரு செய்தி. கோள்களுக்குத் தெய்வப் பெயர்களைக் கிரேக்கர் தொடக்கத்திலேயே இட்டுவிடவில்லை. கண்ணுக்குத் தோன்றியபடியேதான் பெயரிட்டனர். சிவந்து எரியும் கோளைப் ‘பைரோயீசு’ என்றனர். தீயன் என்பது பொருள். ஞாயிற்றின் அருகில் மினுக்கும் கோளைச் ‘சுதில்போன்’ என்றனர். மினுங்குவது என்பது பொருள். விடியலில் தோன்றும் வெள்ளியை ஒளிகொணர்வோன் என்றும், மாலையில் தோன்றும் வெள்ளியை மாலையன் என்றும் இரு பெயரால் வழங்கினர். இரண்டும் ஒன்றே என்பதைப் பின்னர்த்தான் அறிந்தனர்.

நம் முன்னோர் செய்ததும் இதுவே அன்றோ? செந்நிறம் கண்டு செவ்வாய் என்றனர். வெண்ணிறம் கண்டு வெள்ளி என்றனர். ஒருவரையொருவர் அறியாத இரண்டு இனத்தார் ஒரே வானத்தைப் பார்த்து ஒரே வகையில் பெயரிட்டிருக்கின்றனர்.

பின்னர், பாபிலோனியரின் வானூலறிவு கிரேக்கரிடம் வந்தது. பாபிலோனியர் ஒவ்வொரு கோளையும் ஒரு தெய்வத்திற்கு உரியதாக்கியிருந்தனர். கிரேக்கர் அந்த முறையை எடுத்துக்கொண்டனர். ஆயின் பாபிலோனியரின் தெய்வப் பெயர்களை எடுத்துக்கொள்ளவில்லை. மார்துக்கின் மீன் என்பதைச் சீயசின் மீன் என்றனர். இசுதாரின் மீன் என்பதை அப்பிரோதித்தியின் மீன் என்றனர். போர்த்தெய்வத்தின் மீனுக்குத் தம் போர்த்தெய்வமாகிய ஆரெசின் பெயரை இட்டனர். அறிவைக் கடன்பெற்றனர், பெயரைக் கடன்பெறவில்லை. இந்த வேறுபாட்டை நம் மாணவர் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும்.

கி.மு. 146இல் உரோமர் கொரிந்து நகரை அழித்துக் கிரேக்க நாட்டைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். உரோமரும் அதே வேலையைக் கிரேக்கர்க்குச் செய்தனர். சீயசு, சூப்பிட்டர் ஆனான். ஆரெசு, மார்சு ஆனான். அப்பிரோதித்தி, வீனசு ஆனாள். எர்மெசு, மெர்க்குரி ஆனான். குரோனசு, சாட்டர்ன் ஆனான். இன்று மேலைநாட்டார் கோள்களை வழங்கும் பெயர்கள் உரோமப் பெயர்கள். அவற்றுள் உறையும் கதைகளோ பெரும்பாலும் கிரேக்கக் கதைகள்.

வானத்தில் ஒரு குடும்பம்

இனி மீன்கூட்டங்களுக்கு வருவோம். செபியசு ஓர் அரசன். அவன் மனைவி காசியோப்பியா, கடல்மகளிரினும் அழகு மிக்கவர் தாமே எனச் செருக்கிப் பேசினாள். கடற்றெய்வம் பொசைடன் சினந்து ஒரு கொடுவிலங்கை அனுப்பினான். நாட்டைக் காக்க வேண்டின் மகள் அந்திரோமேதாவை அவ்விலங்கிற்கு இரையாக்க வேண்டும் என்று குறி கூறிற்று. அவளைக் கடற்பாறையில் தளையிட்டு நிறுத்தினர். பேய்மகள் மெதூசாவின் தலையைக் கொய்து மீண்ட பெர்சியசு அவ்வழியே வந்து, விலங்கைக் கொன்று, அவளை மணந்தான்.

இக்கதையில் வருவோர் அனைவரும் வானத்தில் ஒருவர் அருகில் ஒருவராய் நிற்கின்றனர். தந்தை, தாய், மகள், மருமகன். சற்றுத் தள்ளி அந்தக் கடல்விலங்கு. ஒன்றை அறிந்தவன் கதையின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அறிந்துவிடலாம். நூல் அரிதாக இருந்த காலத்தில், கடலோடிக்கும் ஆயனுக்கும் உழவனுக்கும் வானத்தின் வரைபடம் கதையாகவே மனத்தில் ஏறிற்று.

கதைக்குள் கணக்கும் இருந்தது. ஓரியனைக் கொன்றது ஒரு தேள் என்பர். இருவரையும் வானின் எதிரெதிர்ப் புறங்களில் வைத்தனர். தேள் எழும்போது ஓரியன் மறைவான். பகைவர் இருவர் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று பாட்டி சொன்னால் பேரன் மறப்பானா?

கல்லிசுதோ என்னும் நங்கையைச் சீயசு விரும்பினான். அவன் மனைவி எரா பொறாமை கொண்டு அவளைக் கரடியாக்கினாள். சீயசு அக்கரடியை வானில் ஏற்றினான். எரா விடவில்லை; இவள் என்றும் கடலில் இறங்கி நீராடலாகாது என்று கடற்றெய்வத்தைக் கேட்டுக்கொண்டாள். கதை இவ்வளவே. செய்தி என்ன? கிரேக்க நாட்டிலிருந்து பார்ப்பவர்க்குப் பெருங்கரடிக் கூட்டம் வடமுனையைச் சுற்றிச் சுழலுமேயன்றிக் கடலுக்குக் கீழே மறைவதில்லை. அதைத்தான் கதை சொல்கின்றது. நாமோ தெற்கே வாழ்கின்றோம். நம் நாட்டில் அக்கூட்டம் எழவும் செய்யும், மறையவும் செய்யும். நம் கீழைக் கடற்கரையில் நின்று வடகிழக்கே பார்த்தால் அவள் நீராடிவிட்டு எழுவதைக் காணலாம். எராவின் ஆணை தமிழ்நாட்டில் செல்லாது! கதைக்கும் ஊர் உண்டு, தோழர்களே. அது பிறந்த மண்ணின் வானத்தைச் சுமந்துகொண்டுதான் செல்கின்றது.

அறுமீனைப் பாருங்கள். கிரேக்கர் அதனை அட்லசின் மகளிர் எழுவர் என்றனர். கண்ணுக்கோ ஆறுதான் எளிதிற் புலப்படும். எனவே, ஒருத்தி நாணத்தால் முகம் மறைத்துக்கொண்டாள் என்று கதை கட்டினர். தமிழன் கண்டது ஆறு, சொன்னதும் அறுமீன்.

பெயரைச் சுமந்து வந்தவர்கள்

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அராட்டசு என்னும் புலவர் இம்மீன்கூட்டங்களை ஒரு நெடும்பாட்டில் வைத்துப் பாடினார். உரோமப் பெருஞ்சொல்லர் சிசரோ தம் இளமையில் அதனை இலத்தீனில் மொழிபெயர்த்தார். கி.பி. 150 அளவில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி 48 கூட்டங்களைப் பட்டியலிட்டு வானூற் பெருநூல் ஒன்றை எழுதினார். அந்நூலை இன்று உலகம் அல்மகெசுட்டு என்று அழைக்கின்றது. ‘அல்’ என்பது அரபு முன்னொட்டு. எஞ்சியது ‘மிகப்பெரியது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். கிரேக்க நூலுக்கு அரபுப் பெயர் ஏன்? ஒன்பதாம் நூற்றாண்டில் அரபியர் அதனைத் தம் மொழியில் பெயர்த்துக் காத்தனர். 1175இல் தொலேதோ நகரில் செரார்டு என்பவர் அரபிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுசென்றார். அவ்வழியேதான் அந்நூல் மேலைநாட்டில் பெரிதும் பரவிற்று.

சுமந்தவர் தம் கைத்தடத்தையும் விட்டுச்சென்றனர். மீன்கூட்டங்களின் பெயர் கிரேக்கம். அவற்றுள் தனிமீன்கள் பலவற்றின் பெயர் அரபு. ஓரியனின் தோளில் பெட்டல்கியூசு, காலில் இரைகல், ஏற்றின் கண்ணில் அல்டெபரான் எல்லாம் அரபுச் சொற்கள். பெர்சியசின் கையிலுள்ள மெதூசாவின் தலையில் ஒரு மீன் உண்டு. ஏறத்தாழ 2.87 நாளுக்கு ஒருமுறை அதன் ஒளி மங்கித் திரும்பும். அதன் பெயர் அல்கோல். பேயின் தலை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் சுருக்கம் அது. கதை கிரேக்கருடையது, சொல் அரபியருடையது, வழங்குவது உலகம்.

1922இல் உரோம் நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம் 88 கூட்டங்களைப் பொதுவென ஏற்றது. தாலமியின் பட்டியலில் ‘ஆர்கோ’ என்னும் பெருங்கப்பலை மட்டும் அடித்தளம், பின்தளம், பாய் என மூன்றாகப் பிரித்துவிட்டனர். ஏனைய 47 இன்றும் அங்கே உள்ளன.

மன்னர் பெயர்கள் மாய்ந்த கதை

அன்பர்களே! இப்பொழுது அந்த மாணவனின் வினாவிற்கு நேராக வருகின்றேன். அரசு போனபின்னும் பெயர் ஏன் போகவில்லை? இதற்கு விடை காண, அரசர் பெயர்களே வானத்திற்குப் போன கதையைப் பார்க்க வேண்டும்.

1610 சனவரியில் கலிலியோ வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். புளோரன்சு நகரை ஆண்ட கோசிமோ மெடிச்சியும் அவர் உடன்பிறந்தாரும் நால்வர், நிலவுகளும் நான்கு. ‘மெடிச்சி மீன்கள்’ என்று பெயரிட்டு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே அரசவை அறிஞர் பணி அவர்க்குக் கிடைத்தது. செருமானியராகிய சைமன் மாரியசு, கெப்ளர் கூறிய கருத்தைக் கொண்டு, 1614இல் வேறு பெயர்களை வெளியிட்டார்: அயோ, யூரோப்பா, கனிமீடு, கல்லிசுதோ. நால்வரும் சீயசு விரும்பிக் கவர்ந்தவர்கள். இப்பெயர்கள் நிலைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் இன்று எந்தப் பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்தவை இவையே. மெடிச்சி மீன்கள் என்பது வரலாற்றுநூலில் மட்டுமே உண்டு.

பிரெஞ்சு நாட்டில் காசினி என்பார் 1671 முதல் 1684 வரை காரிக்கோளின் நிலவுகள் நான்கைக் கண்டு, பதினான்காம் இலூயி மன்னன் பெயரால் ‘இலூயி மீன்கள்’ என்றார். நிலைத்ததா? இல்லை. 1847இல் சான் எர்செல் அவற்றிற்குக் குரோனசின் உடன்பிறந்தாராகிய தித்தானியர் முதலியோர் பெயர்களை இட்டார். இரேயா, தெத்திசு, இயாபெத்தசு என்னும் அவையே நிலைத்தன.

1801 சனவரி முதல்நாள் சிசிலித் தீவில் பியாசி என்பார் முதற் சிறுகோளைக் கண்டார். ‘சீரிசு பெர்டினாண்டியா’ என்று பெயரிட்டார். சீரிசு கூலத்தின் இறைவி, சிசிலியைக் காக்கும் தாய். கிரேக்கர் அவளைத் தெமேத்தர் என்பர். பெர்டினாண்டு அந்நாட்டு மன்னன். இறைவி நின்றாள், மன்னன் உதிர்ந்தான்.

இவற்றுள் மிகச் சிறந்தது வில்லியம் எர்செலின் கதை. இவர் செருமனியிலிருந்து இங்கிலாந்து சென்ற இசைவாணர். 1781 மார்ச்சு 13ஆம் நாள் பாத்து நகரில் தம் வீட்டிலிருந்து தாமே செய்த தொலைநோக்கியால் ஒரு புதுக்கோளைக் கண்டார். மாந்தன் பண்டுதொட்டு அறிந்த கோள்களின் எண்ணிக்கை அன்றுதான் முதன்முறையாகக் கூடிற்று. அவர் அதற்குச் ‘சியார்சின் மீன்’ என்று பெயரிட்டார். மூன்றாம் சியார்சு மன்னன் அவர்க்கு ஆண்டுக்கு 200 பவுண்டு வழங்கினான்.

செருமானியராகிய போடே என்பார் வேறொன்று சொன்னார். வியாழனாகிய சீயசின் தந்தை குரோனசு. குரோனசின் தந்தை ஊரனசு, அதாவது வானம். கோள்கள் அப்புறம் செல்லச்செல்ல மகன், தந்தை, பாட்டன் என்று வரிசை நிற்கின்றது. எனவே புதுக்கோள் ஊரனசே என்றார். இதில் ஆணை இல்லை, பொருள் இருந்தது. 1789இல் கிளாப்ரோத்து என்னும் வேதியியலறிஞர் தாம் கண்ட புதிய தனிமத்திற்கு அக்கோளின் பெயரையொட்டி யுரேனியம் என்று பெயரிட்டார். ஆங்கிலேயரின் கடலோட்டப் பஞ்சாங்கம் மட்டும் சியார்சின் பெயரை விடாது பற்றிக்கொண்டிருந்தது. கதிரவன் மறையாப் பேரரசு என்று பேசப்பட்ட வல்லாண்மை அது. 1850இல் அதுவும் கைவிட்டது. ஏழு கடலை ஆண்ட நாட்டால் ஒரு கோளுக்குத் தன் மன்னன் பெயரை எழுபது ஆண்டுக்குமேல் ஒட்டவைக்க இயலவில்லை!

1846 செப்டம்பர் 23ஆம் நாள் அடுத்த கோள் பெர்லினில் காணப்பட்டது. அது நிற்குமிடத்தைக் கணித்துச் சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் இலவெரியே. முதலில் நெப்டியூன் என்றவர், பின்பு தம் பெயரையே அதற்கு இட விரும்பினார். பிற நாட்டார் ஏற்கவில்லை. கடற்றெய்வம் பொசைடனின் உரோமப் பெயராகிய நெப்டியூனே நின்றது.

அரசர்க்கு மட்டுமன்று, சமயத்திற்கும் இதுவே நேர்ந்தது. 1627இல் சூலியசு சில்லர் என்பார் பழைய பெயர்களை நீக்கிவிட்டுக் கிறித்தவத் திருத்தூதர், தூயோர் பெயர்களால் ஒரு வான்வரைபடம் வெளியிட்டார். அழகிய நூல். ஆனால் எவரும் பின்பற்றவில்லை.

விலக்கு ஒன்று உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. எகிப்தை ஆண்ட கிரேக்க அரசி பெரனீசு, போருக்குச் சென்ற கணவன் நலமாக மீண்டால் தன் கூந்தலைக் கோயிலுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டாள். வைத்த கூந்தல் காணாமற் போயிற்று. கோனோன் என்னும் வானூலறிஞர், அது வானில் ஏறிவிட்டது என்று ஒரு சிறு மீன்கொத்தைக் காட்டினார். வரலாற்றில் வாழ்ந்த மாந்தர் ஒருவர் பெயரோடு 88 கூட்டங்களுள் நிற்பது இஃதொன்றே. அரசி என்பதாலா நின்றது? அன்று. கல்லிமாக்கசு என்னும் புலவர் பாடினார். உரோமப் புலவர் காத்துல்லசு அதனை மொழிபெயர்த்தார். பாட்டில் ஏறிய கூந்தல் வானில் தங்கிற்று.

விடை தெளிகின்றது அன்றோ? ஆணையால் இட்ட பெயர் ஆணையிடுவோன் உள்ளவரை நிற்கும். மக்கள் கதையாகவும் பாட்டாகவும் வழங்கும் பெயர் மக்கள் உள்ளவரை நிற்கும்.

பெயர் இன்றும் வேலை செய்கின்றது

பழங்கதை பழங்கதையாகவே கிடந்திருந்தால் அதனையும் கரையான் அரித்திருக்கும். அவர்கள் அதனை நாள்தோறும் வேலைக்கு அனுப்பினர். 1877இல் ஆசப்பு ஆல் செவ்வாயின் இரு நிலவுகளைக் கண்டபோது, இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி ஆசிரியர் என்றி மாடன், ஓமரின் இலியாதுக் காப்பியத்தை எண்ணி, போபோசு, தெய்மோசு என்று பெயர் கூறினார். அச்சமும் திகிலும் என்பது பொருள். போர்த்தெய்வத்தின் இரு மைந்தர் அவர்கள். பள்ளியாசிரியர் ஒருவர் சொன்ன பெயர் இன்றும் செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருக்கின்றது என்று நினைக்கும்போது என்னைப் போன்றோர்க்குச் சற்றே தலை நிமிர்கின்றது!

ஐம்பத்துமூன்று ஆண்டு சென்றது. 1930 பிப்பிரவரி 18ஆம் நாள் அமெரிக்காவில் தோம்பா என்னும் இளைஞர் நெப்டியூனுக்கு அப்பால் ஒரு கோளைக் கண்டார். ஆக்சுபோர்டில் காலையுணவு உண்ணும்போது பாட்டனார் செய்தித்தாளைப் படித்துக் காட்டினார். பதினோரகவைப் பெயர்த்தி வெனிசியா பர்னி, “புளூட்டோ என்று வைக்கலாமே” என்றாள். ஒளியெட்டாத தொலைவில் இருள்சூழ்ந்து கிடக்கும் கோளுக்குக் கீழுலகின் தலைவன் பெயர் பொருந்துமன்றோ? பாட்டனார் அறிஞர் ஒருவரிடம் சொல்ல, அவர் அமெரிக்காவிற்குத் தொலைவரி விடுத்தார். பெயர் நிலைத்தது. அந்தப் பாட்டனார், செவ்வாயின் நிலவுகளுக்குப் பெயர் சொன்ன என்றி மாடனின் உடன்பிறந்தார்! ஒரு குடும்பத்தில் பழங்கதை உணவுத்தட்டோடு பரிமாறப்பட்டது. அதனால் அக்குடும்பம் இருமுறை வானத்திற்குப் பெயர் தந்தது. 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் எனத் தாழ்த்தினர். பெயரை எவரும் மாற்றவில்லை.

அந்தத் தாழ்த்தலுக்குக் கரணியமாக இருந்தது 2005இல் கண்டறிந்த மற்றொரு குறுங்கோள். அறிஞரிடையே பெரும்பூசலை விளைத்த அதற்கு ஏரிசு என்று பெயரிட்டனர். பூசலின் இறைவி அவள். ஒரு பொற்கனியை விருந்தில் உருட்டிவிட்டுத் திராய்ப் போருக்கே வித்திட்டவள். வியாழனின் வழியில் முன்னும் பின்னும் இரு கூட்டமாகச் சிறுகோள்கள் செல்கின்றன. முன்செல்வது கிரேக்கர் பாசறை, பின்செல்வது திராய்ப் பாசறை என வகுத்து அப்போரின் மறவர் பெயர்களை இட்டனர். இம்முறை வகுக்கப்படுமுன் பெயர்பெற்ற திராய் மறவன் எக்டர் கிரேக்கர் பாசறையிலும், கிரேக்கன் பத்ரோக்களசு திராய்ப் பாசறையிலும் ஒற்றர்போல் சிக்கிக்கொண்டனர். மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டனர்.

சீயசு கவர்ந்தவர்கள் வியாழனைச் சுற்றுகின்றனர் என்றேன். 2011இல் அமெரிக்கர் வியாழனுக்கு ஒரு விண்கலம் விடுத்தனர். அது 2016இல் சென்றடைந்தது. அதன் பெயர் சூனோ. எராவின் உரோமப் பெயர். முகில்போர்த்து ஒளிந்த கணவனை ஊடுருவிப் பார்க்க வல்லவள் அவள். இந்நகைச்சுவையைச் சொன்னவுடன் அவர்கள் நாட்டுச் சிறுவன் சிரிப்பான். கதை அவனுக்குத் தெரியும்.

இனி எல்லாவற்றிலும் வியப்பான ஒன்று. செபியசுக் கூட்டத்தில் ஒரு மீன் ஒளி கூடிக் குறைவதை 1784இல் குட்ரிக் என்னும் இளைஞர் கண்டார். அவ்வகை மீன்களுக்குச் செபியசு வகை என்றே பெயராயிற்று. அவை ஒளி மாறும் கால அளவிற்கும் உண்மையொளிக்கும் உள்ள தொடர்பை 1912இல் என்றியெட்டா இலீவிட்டு அம்மையார் வெளியிட்டார். இவ்விருவரும் செவிப்புலன் குன்றியோர். கண்ணால் உலகிற்கு அளவுகோல் தந்தனர். 1923இல் எட்வின் அப்புள், அந்திரோமேதாவிலுள்ள ஒளிமுகிலில் அவ்வகை மீன் ஒன்றைக் கண்டு தொலைவைக் கணித்தார். அது நம் பால்வழிக்குள் இல்லை, தனியொரு விண்மீன் பெருந்திரள் என்பது மெய்ப்பட்டது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 25 இலக்கம் ஒளியாண்டுத் தொலைவு. தந்தை பெயர் தாங்கிய மீனைக் கொண்டு மகள் பெயர் தாங்கிய திரளை அளந்தனர்! பெயரிட்ட பழங்கிரேக்கன் இதைக் கனவிலும் கண்டிரான். பெயர் காத்திருந்தது, பொருள் பின்னர் வந்து புகுந்தது.

நாம் கொள்ளவேண்டுவது

இன்று வான்கதவு மற்ற இனத்தார்க்கும் திறந்துள்ளது. 2008இல் இரு குறுங்கோள்களுக்கு மாக்கேமாக்கே, அவுமேயா என்று பெயரிட்டனர். முன்னது இராப்பா நூயித் தீவின் தெய்வம். பின்னது அவாயித் தீவின் தெய்வம். ஈசுட்டர் தீவு எனப்படும் இராப்பா நூயியில் வாழ்வோர் சில ஆயிரவரே. படையில்லை, பேரரசில்லை, கதை இருந்தது, அதைச் சொல்ல நாவிருந்தது. வானத்தில் இடம் கிடைத்தது.

கிரேக்கர் என்ன செய்தனர்? உரோமர் ஆண்டனர், 1453இல் கான்சுதாந்திநோபிள் துருக்கியர் கைப்பட்டது, 1821இல்தான் விடுதலைப்போர் தொடங்கிற்று. உலகமெல்லாம் சூப்பிட்டர், மார்சு என்று உரோமப் பெயர் சொல்ல, இன்றும் ஏதென்சுப் பள்ளிச் சிறுவன் தன் மொழியில் சீயசின் பெயரையும் ஆரெசின் பெயரையுமே சொல்கின்றான். நெப்டியூனைப் பொசைடன் என்கின்றான். சீனரும் சப்பானியரும் ஊரனசை வானவேந்தன் மீன் என்றும், நெப்டியூனைக் கடல்வேந்தன் மீன் என்றும் பொருளால் பெயர்த்துக்கொண்டனர். இசுரேலில் 2009இல் மக்கள் வாக்களித்து இவ்விரு கோள்களுக்கும் எபிரேயப் பெயர் தேர்ந்தனர். இதனால் எவருடைய வானூலும் குறைந்துவிடவில்லை.

நமக்கோ செவ்வாய், வெள்ளி, வியாழன் என்னும் பெயர்கள் உண்டு. பெரும்பேரரசுகள் எழுந்து விழுந்தபோதும் இவை நம் கிழமைப் பெயர்களாய், கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் வழங்கி வாழ்கின்றன. அறிவன், காரி என்று நம் இதழ்களில் அச்சிடுகின்றோம். அச்சிட்டால் போதுமா? என் வீட்டுப் பால்காரரிடம் ‘காரிக்கிழமை வாருங்கள்’ என்று நான் சொல்லியிருக்கின்றேனா? இல்லை. என்னைச் சுட்டியே சொல்கின்றேன், எவரும் வருந்தற்க. சியார்சின் மீன் நமக்கும் ஒரு பாடம். அறிஞன் ஒருவன் ஆக்கித் தந்தான் என்பதாலோ, மாநாட்டில் முடிபு இயற்றினோம் என்பதாலோ ஒரு சொல் வாழ்ந்துவிடாது. ஊரனசை விண்கோள் எனலாம், நெப்டியூனை ஆழிக்கோள் எனலாம். எனக்கும் ஆக்கத் தெரியும். ஆனால் வெனிசியாவின் வீட்டில் இருந்தது நம் வீட்டில் இருக்கின்றதா? உணவுத்தட்டின் முன் கதை இருக்கின்றதா? அதுவன்றோ சொல்லுக்கு உயிர்!

தாய்மார்களே! அறுமீனை உங்கள் பிள்ளைக்கு அறுமீன் என்று காட்டுங்கள். விடிவெள்ளியைக் காட்டுங்கள். கூடவே அந்திரோமேதாவின் கதையையும் தடையின்றிச் சொல்லுங்கள். பிறர் கதையை அறிவதால் நம் கதை கெடாது; நம் கதையைச் சொல்லாமையால்தான் கெடும்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் தம்பி! உன் வினாவிற்கு விடை இதுதான். கிரேக்கரின் பெயரை வானத்தில் காத்தது அவர்கள் அரசன்று. பாட்டிமாரும் புலவரும் பள்ளியாசிரியரும் பதினோரகவைப் பெண்ணொருத்தியும். இன்றிரவு வானம் தெளிந்திருக்கின்றது. கூட்டம் முடிந்ததும் வெளியே வா. நீ எனக்கு ஒரு மீனைக் காட்டு, பெயரை நம் மொழியில் சொல்லிக் காட்டு.